ஊசியோடு சேர்த்து, பார்க்கவும் கற்றுக்கொடுங்கள்

கூடலூர், பந்தலூர் பக்கம் நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட வரும் கால்நடை மருத்துவர்களுக்கும், ஆய்வாளர்களுக்கும், ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே மேடேறும் உதவியாளர்களுக்கும் வணக்கம்.

நான் இந்த மலையில் ஒரு தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருடம் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவன். என் அப்பா அம்மா சிலோனிலிருந்து கப்பல் ஏறி வந்து இங்கே கொழுந்து பறித்தவர்கள். எஸ்டேட் தொழிலாளிகள் குடியிருக்கும் வரிசை வீடான லைன் வீட்டில் பிறந்து, லைன் வீட்டு நாய்களோடு வளர்ந்தேன். உங்கள் வேலை எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். மழையில் வழுக்கும் பாதையில் ஏறி வந்து, கயிறு கட்டிப் பழகாத நாயைப் பிடித்து ஊசி போட்டு, கடி வாங்காமல் திரும்புவது லேசான காரியம் இல்லை. அதற்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் என் கோரிக்கைக்கு வருகிறேன்.

கோரிக்கை சின்னதுதான். ஒரு நாய்க்கு நீங்கள் இப்போது கொடுக்கும் நேரத்தோடு இன்னும் இரண்டு நிமிடம் சேர்த்துக் கொடுங்கள். அந்த இரண்டு நிமிடத்தில் நாயைப் பிடித்து நிற்கும் ஆளின் கையை எடுத்து, நாயின் உதட்டைத் தூக்கி, ஈறு எந்த நிறத்தில் இருக்கிறது என்று காட்டுங்கள். காதைத் திருப்பிக் காட்டுங்கள். வயிற்றைத் தடவிக் காட்டுங்கள். வருடத்துக்கு ஒரு நாள் நீங்கள் வருகிறீர்கள். மீதி முந்நூற்று அறுபத்து நாலு நாளும் அந்த நாயோடு இருப்பது நாங்கள். எங்களுக்குப் பார்க்கத் தெரிய வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன் என்றால், எனக்கே பார்க்கத் தெரியாமல் போனது.

செவலை என்று ஒரு நாய் எங்களிடம் இருந்தது. நாட்டு நாய். காலையில் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு, போகும் பெண்களோடு மலை உச்சி வரை போய், கொழுந்து மூட்டை எடை போடும்போது திரும்பி வரும். ஒரு ஏப்ரல் மாதம் ஐந்து நாள் சாப்பிடாமல் சுருண்டு கிடந்தது. வெயில் தாங்கவில்லை என்று நினைத்தோம். ஆறாம் நாள் எழுந்து கஞ்சி குடித்தது. சரி, தேறிவிட்டது என்று மறந்துவிட்டோம். ஆகஸ்ட் மழையில் ஒரு நாள் காலை வாசல் படியில் ரத்தச் சொட்டு. மூக்கிலிருந்து வந்திருந்தது.

இந்தப் பக்கம் மழைக்காலத்தில் நாய்க்கு மூக்கில் ரத்தம் வந்தால், பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும், அட்டை ஏறியிருக்கிறது என்று. அப்படி நடப்பதும் உண்டு. ஓடையில் தண்ணீர் குடிக்கும்போது நூல் மாதிரி ஒரு குட்டி அட்டை மூக்குக்குள் ஏறி, உள்ளேயே ரத்தம் குடித்துப் பருக்கும். அதை எடுக்க எங்கள் ஆட்களுக்கு ஒரு கைவாகு உண்டு. அரை நாள் நாய்க்குத் தண்ணீர் காட்டாமல் வைத்து, அப்புறம் ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீரை மூக்குக்குக் கீழே பிடிப்பார்கள். ஈரத்தைக் கண்டதும் அட்டை மெல்ல வெளியே நீளும். துணியைச் சுற்றிய விரலால் பிடித்து, இழுத்துப் பிய்த்துவிடாமல், அது தானே பிடியை விடும்வரை பொறுத்து எடுக்க வேண்டும்.

என் மனைவி கிண்ணத்தோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் வெளியே வரவில்லை. மறுநாளும் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுப் பெரியவர் புகையிலைத் தண்ணீர் விட்டுப் பார்க்கலாம் என்றார், விட்டோம். நாய் உடம்பு நெருப்பாகச் சுட்டது. நான், கம்பவுண்டர், வலிக்கும் காய்ச்சலுக்கும் கேட்கும் என்று டைக்ளோஃபினாக் மாத்திரையில் பாதியை வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுத்தேன்.

நான்காம் நாள் விடியும்போது செவலை அடுப்புச் சாம்பலில் படுத்திருந்தது. வாலை மட்டும் ஒருமுறை தட்டியது. ஜீப் பிடித்து சுல்தான் பத்தேரிக்குக் கொண்டுபோனோம். அங்கே மேஜையில் கிடத்தியதும் டாக்டர் முதலில் செய்த காரியம், கட்டை விரலால் மேல் உதட்டைத் தூக்கியது. ஈறு வெள்ளைத் தாள் மாதிரி இருந்தது. விரலால் ஈறை அழுத்தி எடுத்தார். அந்த இடத்துக்கும் மற்ற இடத்துக்கும் நிற வித்தியாசமே இல்லை. அப்புறம் வயிற்றுப் பக்கம் முடியை விலக்கிக் காட்டினார். கடுகு இறைத்த மாதிரி சிவப்புப் புள்ளிகள். தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் நெறி கட்டியிருந்தது. "இது அட்டை இல்லை, உண்ணிக் காய்ச்சல்" என்றார். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் அநேகமாகத் தீர்ந்துபோயிருந்தன. ரத்தம் உறையாத உடம்பில் நான் கொடுத்த மாத்திரை வயிற்றையும் புண்ணாக்கியிருந்தது. அங்கே கொண்டுபோன மூன்றாம் நாள் ராத்திரி செவலை போய்விட்டது.

முப்பத்தொரு வருடம் நான் எத்தனையோ பெண்களின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்து, ரத்தம் இல்லையே அம்மா, இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடு என்று சொல்லியிருக்கிறேன். என் வாசலில் கிடந்த நாயின் உதட்டைத் தூக்கிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. யாரும் காட்டித் தந்ததில்லை.

அந்த டாக்டர் பொறுமையாக உட்கார்ந்து சொன்னதை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். உண்ணி கடித்து இரண்டு மூன்று வாரத்தில் முதல் காய்ச்சல் வரும். நாய் சில நாள் படுத்துவிட்டுத் தானே எழுந்துவிடும். கிருமி போயிருக்காது. எலும்புச் சோற்றிலும் மண்ணீரலிலும் ஒளிந்திருந்து, மாதக்கணக்கில் ஏன் வருடக்கணக்கில்கூட ஒரு அறிகுறியும் காட்டாமல் இருந்து, பிறகு ரத்தத்தைக் கெடுக்கும். ஏப்ரலில் நாங்கள் தேறிவிட்டது என்று நினைத்த அந்த ஆறாம் நாள்தான், ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்து மருந்து தொடங்கியிருக்க வேண்டிய நாள்.

ஆகவே இரண்டு நிமிடத்தில் நீங்கள் காட்ட வேண்டியதில் முதலாவது ஈறு. நல்ல உடம்பில் அது ரோஜா நிறத்தில் ஈரமாக இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்கும். வெளுத்தே இருந்தால் ரத்தம் குறைகிறது. மஞ்சளாக இருந்தால் கல்லீரலோ, ரத்த அணு உடைவதோ. நீலம் பாய்ந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. சில நாய்களுக்கு ஈறு பிறவியிலேயே கறுப்பாக இருக்கும். அவற்றுக்குக் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்க்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எங்கள் லைனில் பாதி நாய்களுக்குக் கறுப்பு ஈறுதான்.

மூக்கு காய்ந்திருந்தால் காய்ச்சல் என்று எங்கள் ஆட்கள் எல்லோரும் நம்புகிறார்கள். அடுப்பங்கரையில் படுத்து எழுந்த நாய்க்கு மூக்கு காய்ந்துதான் இருக்கும். நாயின் சாதாரண உடல் சூடே 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை. மனிதக் கணக்கை வைத்துக்கொண்டு 101 என்றதும் மாத்திரை தேடுகிறோம். 103ஐத் தாண்டினால்தான் யோசிக்க வேண்டும். விலை குறைந்த வெப்பமானி ஒன்றை நாய்க்கென்றே தனியாக வைத்து, முனையில் எண்ணெய் தடவி ஆசனவாயில் எப்படி வைப்பது என்று ஒரு முகாமில் ஒரே ஒருமுறை செய்து காட்டினால் போதும், லைனில் இரண்டு பேர் பிடித்துக்கொள்வார்கள். தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுவதும் அப்படித்தான். முப்பதுக்குள் இருக்க வேண்டும். இதற்குக் கருவியே வேண்டாம்.

மனித மாத்திரையைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்லுங்கள். டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் இரண்டும் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் தின்றுவிடும். மாட்டுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றதால்தான் 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். நமக்குப் பக்கத்தில் மாயாறு பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் பாறுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த அரை மாத்திரை ஞாபகம் வருகிறது.

உண்ணியைப் பற்றி முகாமில் பேச நேரம் இருக்காது என்பீர்கள். ஆனால் இந்தப் பக்கத்து நாய்களை அதிகம் தின்பது அதுதான் என்பது நான் கண்ணால் கண்டது. எங்கள் லைன் வீடுகள் பழையவை. சுவரில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. ரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி நாயை விட்டு இறங்கி, சுவர் ஏறி, அந்த வெடிப்புக்குள் போய் ஆயிரக்கணக்கில் முட்டை வைக்கும். நாயை மட்டும் குளிப்பாட்டி என்ன பயன்? வெடிப்பைச் சாந்து வைத்து அடைப்பதும், நாய் படுக்கும் சாக்கை வாரம் ஒருமுறை கொதிநீரில் போடுவதும் மருந்துக்குச் சமமான வேலை. இதை நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் எஸ்டேட் நிர்வாகங்களும் காது கொடுக்கும். நான் சொன்னால் நாய்க்காகச் சுவர் பூசச் சொல்கிறான் என்பார்கள்.

உண்ணியைப் பிடுங்கும் விதத்தையும் காட்டுங்கள். தீக்குச்சியால் சுடுகிறார்கள், மண்ணெண்ணெய் வைக்கிறார்கள், நகத்தில் வைத்து நசுக்குகிறார்கள். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ போட வேண்டும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? காது மடலுக்குள், கழுத்துப் பட்டைக்குக் கீழே, விரல் இடுக்கில், தொடை இடுக்கில் தேட வேண்டும் என்பதும் அப்படியே. இன்னொன்று, மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தில் மீந்ததை நாய்க்கும் ஊற்றுவது. அளவு தெரியாமல் ஊற்றி, வாயில் நுரை தள்ளி வெட்டி வெட்டி இழுத்த ஒரு நாயை நான் பார்த்திருக்கிறேன். நாயின் எடைக்கு எத்தனை மில்லி, எந்த மருந்து, யாரிடம் கேட்பது என்று ஒரு துண்டுச் சீட்டு தமிழிலும் மலையாளத்திலும் கொடுங்கள். பாதி வீடுகளில் மலையாளம்தான் படிப்பார்கள்.

இப்போது எங்களிடம் மிளகு என்று ஒரு நாய் இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையும் என் பேத்தி அதைத் திண்ணையில் படுக்க வைத்து உதடு, காது, இடுக்கு, வயிறு என்று வரிசையாகப் பார்ப்பாள். அவளுக்கு ஒன்பது வயது. போன வருடம் ஒரு ஞாயிறு, "தாத்தா, மிளகுக்கு ஈறு நேத்து மாதிரி இல்ல" என்றாள். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் தாடைக்குக் கீழே தொட்டபோது சுண்டைக்காய் அளவு நெறி. திங்கட்கிழமை ரத்தம் பார்த்தோம். உண்ணிக் காய்ச்சல்தான், ஆரம்பத்திலேயே. டாக்ஸிசைக்ளின் இருபத்தெட்டு நாள். சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும், பாலோடு கொடுத்தால் மருந்து உடம்பில் சரியாக ஏறாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஐந்தாம் நாளே மிளகு கோழியைத் துரத்த ஆரம்பித்துவிட்டது. அதோடு நிறுத்திவிடலாமே என்று வீட்டில் பேச்சு வந்தது. பேத்தி காலண்டரில் நாளுக்கு ஒரு கோடு போட்டு இருபத்தெட்டையும் முடித்தாள்.

குட்டிகள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் முகாமில் வெறிநோய் ஊசி இலவசம். அதற்கு எத்தனை கும்பிடு போட்டாலும் தகும். ஆனால் எங்கள் குட்டிகள் மூன்று மாதம் தொடும் முன்பே பார்வோ என்ற தொற்றுநோயில் போய்விடுகின்றன. ஒரு மழைக்காலத்தில் எங்கள் லைனில் மட்டும் ஏழு குட்டி. முதல் நாள் பால் குடிக்காது, இரண்டாம் நாள் வாந்தி, மூன்றாம் நாள் ரத்தக் கழிச்சல், அந்த நாற்றம் ஒருமுறை முகர்ந்தவருக்கு மறக்காது. கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டுக்கொண்டிருந்தோம். 1978 வாக்கில் உலகம் முழுக்கப் பரவிய இந்தக் கிருமிக்கு எங்கள் கைக்கு எட்டும் நேரடி மருந்து கிடையாது, குளுக்கோஸ் ஏற்றி உடம்பு வற்றாமல் காப்பதுதான் வைத்தியம். வற்றியிருப்பதைக் கண்டுபிடிக்கப் பிடரித் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தால் போதும், சட்டென்று படியாமல் மடிந்தே நின்றால் உடனே ஓட வேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தால் இரண்டையாவது காப்பாற்றியிருப்போம்.

அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில், ஒரு வருடம் வரைகூட உயிரோடு இருக்கும். குட்டி செத்த வாசலிலேயே அடுத்த மாதம் அழுதுகொண்டிருக்கும் பிள்ளைக்கு இன்னொரு குட்டி கொண்டுவந்து கொடுக்கிறோம். அதுவும் போகிறது. பினாயில் ஊற்றிக் கழுவினோம் என்பார்கள். பினாயிலுக்கு அது சாகாது, பிளீச்சிங் பவுடர் கரைசலுக்குத்தான் சாகும். முதலில் சாணத்தையும் அழுக்கையும் கழுவிவிட்டு ஊற்றினால்தான் அதுவும் வேலை செய்யும்.

ஆறு அல்லது எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக, பதினாறு வாரம் ஆகும்வரை, பார்வோவோடு வேறு நோய்களுக்கும் சேர்த்துக் காக்கும் கூட்டு ஊசி போட வேண்டும் என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு ஊசி போட்டுவிட்டோமே என்று நிறுத்தியவர்கள்தான் இங்கே அதிகம். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பு சக்தி முதல் ஊசியை அமுக்கிவிடலாம், அதனால்தான் மறுபடி மறுபடி போடுகிறோம் என்று காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். காரணம் சொன்னால் கேட்காத ஆட்கள் இல்லை நாங்கள். போலியோ சொட்டு மருந்தைத் தோளில் பிள்ளையைச் சுமந்துகொண்டு வந்து போட்டவர்கள். சிக்கல் காசுதான். வெளியில் ஒரு கூட்டு ஊசிக்கு ஒரு நாள் கூலி போய்விடுகிறது. வெறிநோய் முகாமோடு சேர்த்துக் குட்டிகளுக்கு மட்டுமாவது இதைக் குறைந்த விலையில் கொண்டுவர உங்கள் மேலதிகாரிகளுக்கு எழுதுங்கள். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட லைன் முழுக்க நாங்கள் இருக்கிறோம்.

அதே கூட்டு ஊசியில் டிஸ்டெம்பர் என்ற இன்னொரு தொற்றுநோய்க்கும் காப்பு இருக்கிறது. கண்ணிலும் மூக்கிலும் சளி ஒழுகுவதில் ஆரம்பித்து, இருமல், கழிச்சல், கடைசியில் தாடை வெட்டி வெட்டி இழுப்பது வரை போகும். பிழைத்த நாய்க்குக்கூட ஒரு கால் துடித்துக்கொண்டே இருக்கும். எங்கள் லைன் நாய்கள் காட்டு ஓரத்து நாய்கள். தேயிலைக்கு அந்தப் பக்கம் செந்நாய் கூட்டம், சிறுத்தை, புலி. 1994இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் ஏறக்குறைய ஆயிரம் சிங்கங்களைக் கொன்றது இதே டிஸ்டெம்பர். 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் செத்த சிங்கங்களிலும் இதைக் கண்டார்கள். முதுமலையை ஒட்டிய ஊர்களில் குட்டி நாய்க்குப் போடும் ஊசி காட்டுக்கும் சேர்த்துப் போடும் ஊசி. வனத்துறையிடம் இதைச் சொல்லிப் பணம் கேட்கலாம் என்பது என் யோசனை. பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிக் குடியிருப்புகளில் காட்டுக்குள்ளேயே நாய்கள் இருக்கின்றன. ரோட்டோரத்தில் முகாம் போட்டால் அவை வந்து சேராது.

எலிக் காய்ச்சலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் எனக்கு மனிதர் பக்கத்து அனுபவம் அதிகம். தேவாலா பக்கம் ஜூன் தொடங்கினால் செப்டம்பர் வரை மண் காய்வதில்லை. வயலும் ஓடையும் ஒன்றாகிவிடும். எலி, காட்டுப்பன்றி, மாடு எல்லாவற்றின் மூத்திரமும் அந்தத் தண்ணீரில்தான். அதைக் குடிக்கும் நாய்க்குக் காய்ச்சல், வாந்தி, மூத்திரம் தேயிலைச் சாயம் மாதிரி, அப்புறம் கண் மஞ்சள். அந்த நாயின் மூத்திரத்தை வெறுங்கையால் கழுவிய அம்மாவும் பத்து நாளில் கண் மஞ்சளாக என் மேஜைக்கு வந்தாள். நாய்க்கு மஞ்சள் என்றால் வீட்டார் கையுறை போட வேண்டும், மனித ஆஸ்பத்திரியில் போய் நாயைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்று உங்கள் சீட்டில் ஒரு வரி இருக்கட்டும்.

வெறிநோயில் மக்களுக்குத் தெரிந்தது பாதிதான். வெறி பிடித்த நாய் ஓடி ஓடிக் கடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கடிக்காத வெறியைத் தெரியாது. ஒரு நாள் சாயங்காலம் ஒருவர் கை முழுக்க எச்சிலோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். நாய்க்குத் தொண்டையில் எலும்பு மாட்டிக்கொண்டது, வாயை மூட முடியவில்லை, எச்சில் ஒழுகுகிறது, விரலை விட்டுத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை, விரல் கீறிவிட்டது, மருந்து போடுங்கள் என்றார். எனக்கு முதுகு சில்லென்றது. கீழ்த்தாடை தொங்கினால், குரைப்பு மாறி ஊளை மாதிரி கரகரத்தால், நன்றாகப் பழகிய நாய் இருட்டு மூலை தேடினால், கையை வாய்க்குள் விடவே கூடாது. அவரைக் குழாயடியில் உட்கார வைத்துச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கடிகாரம் பார்த்துக் கழுவினேன். அப்புறம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஊசி போட வைத்தோம். நாய் மூன்றாம் நாள் செத்தது. அவர் இன்றும் இருக்கிறார், பேரப்பிள்ளைகளோடு.

நம் மாவட்டத்துக்கு இதில் ஒரு கதை உண்டு. 1902இல் ஒரு இளம் பெண் வெறிநோயில் இறந்தாள். மருந்து அப்போது வடக்கே கசௌலியில்தான் கிடைத்தது, போய்ச் சேர வழியில்லை. அந்தச் சாவுதான் குன்னூரில் 1907இல் பாஸ்டர் நிறுவனம் எழுவதற்குக் காரணமானது. தென்னாட்டுக்கே வெறிநோய் மருந்து கொடுத்த மலை இது. 2030க்குள் நாயால் வரும் வெறிநோய்ச் சாவே இருக்கக் கூடாது என்று உலகம் குறி வைத்திருக்கிறது. ஓர் ஊரில் நூற்றுக்கு எழுபது நாய்க்கு ஊசி போட்டால் சங்கிலி அறுந்துவிடும் என்கிறார்கள். எங்கள் லைனில் அந்த எழுபது ஏன் சேரவில்லை என்பதற்குக் காரணம் எனக்குத் தெரியும். முகாம் வேலை நாளில் காலை பத்து மணிக்கு நடக்கிறது. அந்த நேரத்தில் பெண்கள் மலையில் கொழுந்துக்கு நிற்கிறார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். நாய் யாருக்குக் கட்டுப்படுமோ அவர்கள் யாருமே வீட்டில் இல்லை. ஞாயிற்றுக்கிழமையோ, வேலை விட்டு வரும் நேரத்திலோ வந்தால் வாசலுக்கு வாசல் நாய் கையில் கிடைக்கும். உங்களுக்கும் ஞாயிறு ஓய்வு நாள்தான், குடும்பம் இருக்கிறது, அது தெரிந்துதான் கேட்கிறேன். வருடத்தில் ஒரே ஒரு ஞாயிறு.

புழு மருந்து பற்றி ஒன்றிரண்டு. குட்டிக்கு இரண்டு வாரத்திலேயே கொடுக்கத் தொடங்க வேண்டும், பெரிய நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. கொக்கிப் புழு இருக்கும் குட்டிக்கும் ஈறு வெளுக்கும், சாணம் தார் மாதிரி கறுக்கும். செருப்பில்லாமல் ஓடும் பிள்ளைகளின் காலிலும் அந்தப் புழு ஏறும். ஞாயிற்றுக்கிழமை ஆடு வெட்டும் இடத்தில் ஈரலில் நீர்க்கட்டி இருந்தால் அதை அப்படியே நாய்க்கு எறிகிறார்கள். அந்தக் கட்டிக்குள் இருப்பது நாடாப்புழுவின் குஞ்சு. நாய் வழியாக மனிதருக்கு வந்து கல்லீரலிலோ நுரையீரலிலோ தேங்காய் அளவுக்குக் கட்டி வளரும். புதைக்கச் சொல்லுங்கள், அல்லது நன்றாக வேக வைத்துப் போடச் சொல்லுங்கள்.

பெண் நாய்களுக்காக ஒன்று சொல்லாமல் விட முடியாது. காலம் வந்து போய் ஒன்றிரண்டு மாதத்தில் வயிறு பெருக்கிறது, தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கிறது, சோர்ந்து படுக்கிறது. சினை என்று சந்தோஷப்பட்டுப் பால் சோறு போடுகிறார்கள். கருப்பை முழுக்கச் சீழ். உடனே அறுத்து எடுத்தால் பிழைக்கும், விட்டால் ஒரு வாரம் தாங்காது. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்த நாய்க்கு இந்த நோயே வராது என்று சொன்னால், பாவம் என்று தயங்குகிற என் மனைவி மாதிரி ஆட்களும் ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொண்டாள்.

1962க்குப் போன் செய்தால் மாட்டுக்கு வண்டி வருகிறது என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். நாய்க்கு எந்த நிலையில், யாரைக் கூப்பிடலாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். பஸ்ஸில் நோயுள்ள நாயை ஏற்றமாட்டார்கள். ஜீப்புக்குக் கொடுக்கும் காசை நினைத்தே நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளுகிறோம், அந்த நாளைக்கு வருவதற்குள் ஈறு வெளுத்துவிடுகிறது.

எங்கள் லைனில் இப்போது முப்பத்துநான்கு நாய், ஒன்பது குட்டி. பெயர், வயது, நிறம், யார் வீடு, கடைசியாக ஊசி போட்ட மாதம் எல்லாம் பேத்தியும் நானும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். கடிக்கும் நாய் எது என்று சிவப்பு மையில் குறித்திருக்கிறது. மேஜை, வெந்நீர், சோப்பு, நாயைப் பிடித்துக்கொள்ள ஆள், உங்களுக்கு மதியச் சாப்பாடு எல்லாம் எங்கள் பொறுப்பு. மழை வந்தால் பஜனை மடத்துத் திண்ணை இருக்கிறது, அம்பது பேர் நிற்கலாம். செப்டம்பர் 28 வெறிநோய் தினத்தை ஒட்டி வரும் ஞாயிறு உங்களுக்கு ஒத்துவருமா, அதற்கு அடுத்ததா என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். முதல் நாயாக மிளகைக் கொண்டுவருகிறோம், அது ஊசிக்குக் கத்தாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எஸ்டேட் கம்பவுண்டர் ஒருவர்,
பந்தலூர் வட்டம், நீலகிரி.